ஜம்பலாயா: பழுப்பா, சிவப்பா?

ஜம்பலாயான்னா அரிசியோட சாசேஜ், இறால் மாதிரி எதையாவது சேர்த்து ஒரே சட்டியில செய்யற சாதம், அமெரிக்காவுல லூசியானா மாநிலத்துச் சாப்பாடு. அங்க இந்த விஷயத்துல ரெண்டு கட்சி. நியூ ஆர்லியன்ஸ் நகரத்துப் பக்கம் தக்காளி போட்டு சிவப்பா செய்வாங்க, அந்த நகரத்துப் பாணிக்குப் பேரு கிரியோல். ஊர்ப்புறத்துல இருக்கற, பிரெஞ்சு வம்சாவளியான கேஜன் ஆளுங்க தக்காளிய உள்ளயே விட மாட்டாங்க, அவங்களோடது பழுப்பு. கொன்சாலஸ்னு ஒரு ஊரு, ஜம்பலாயாவுக்கே தலைநகரம்னு பேரு வச்சிக்கிட்டு 1968லேர்ந்து திருவிழா நடத்துறாங்க, அங்கயும் பழுப்புதான். ரெண்டுக்கும் அடித்தளம் ஒன்னுதான், வெங்காயம், செலரி, குடைமிளகாய்.

வீட்டுல சாசேஜ் வச்சு செய்யப்போறீங்கன்னா என் ஓட்டு பழுப்புக்குத்தான். ஏன்னா அதுல நிறமும் ருசியும் வர்றதே சாசேஜ வறுக்கறதுலதான், கனமான இரும்புச் சட்டியில போட்டு அவசரப்படாம செவக்க விட்டா கொழுப்பு இறங்கி அடியில பழுப்பா ஒட்டிக்கும், அதுமேல வெங்காயத்தப் போட்டு அது விடற தண்ணியிலயே சுரண்டி எடுக்கணும், இதத்தான் மறுபடி மறுபடி செய்யறது. கருகிடுச்சுன்னா மொத்தமும் கசக்கும். நான்ஸ்டிக்ல சரியா ஒட்டாது, அதனால அது வச்சிருக்கறவங்க சிவப்புக்குப் போறதே மேல்.

சிவப்புல தக்காளி புளிப்பு கொஞ்சம் தாங்கிக்கும், வறுவல் சுமாரா இருந்தாலும் யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. இறால் போடறதா இருந்தா எனக்கும் சிவப்புதான் பிடிக்கும், கடைசி அஞ்சு நிமிஷத்துல போடுங்க, முன்னாடியே போட்டா ரப்பர்தான். ஆனா தக்காளி எவ்ளோ தண்ணி விடும்னு சொல்லவே முடியாது, சாதம் குழையறது பெரும்பாலும் இங்கதான். பழுப்புல அந்தக் குழப்பமில்ல, 2 கப் நீள அரிசிக்கு 3½ கப் ஸ்டாக் (கறி, எலும்பு வேகவச்ச சாறு), கொதி வந்ததும் மூடி சின்ன தீயில 25 நிமிஷம், நடுவுல ஒரே ஒரு தடவ அடியிலேர்ந்து மேல புரட்டி விடணும், கிண்டவே கூடாது. புழுங்கல் நீள அரிசின்னா இன்னும் நல்லது, லேசுல உடையாது.

சாசேஜ்ல ஆண்டூயிதான் ராஜா, பன்றிக்கறிய பெருசு பெருசா வெட்டி பூண்டு மிளகு போட்டு நல்லா புகை போட்டது. பிரான்ஸ்லயும் இதே பேர்ல ஒன்னு இருக்கு, அது குடல் சாசேஜ், வாசனையே வேற, ஏமாந்துடாதீங்க. ஆண்டூயி கிடைக்கலைன்னா போலந்துக்காரங்க கில்பாசா பரவால்ல, அதுலயும் புகை இருக்கு, காரம் மட்டும் கம்மி, கேயன் மிளகாய்த்தூள் தூவிக்கலாம். புகை போடாத பச்சை இத்தாலியன் சாசேஜ் வேணாம், சோம்பு வாசம் மொத்தத்தையும் மாத்திடும்.

கடையில விக்கற ஜம்பலாயா பாக்கெட் மிக்ஸா? அவசரத்துக்கு ஓகே. ஆனா அதுல உப்பு தூக்கல், சாசேஜ்லயும் உப்பு, அதனால ஸ்டாக் வேணாம், வெறும் தண்ணி ஊத்துங்க.