சைல்ட் தீமா, சொந்தப் பிளகினா?

மொரீஷியஸில் எங்கள் ஊர்க் கோயிலின் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் இணையதளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தைப்பூசக் காவடிக்கு முந்தைய வாரம் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமை (theme) அப்டேட் செய்தேன். தீம் கோப்புகளிலேயே நான் எழுதியிருந்த தமிழ், பிரெஞ்சுத் தலைப்பும் காவடிப் பதிவுப் படிவமும் போய்விட்டன. அப்டேட் பழைய கோப்புறையை நீக்கிவிட்டுத்தான் புதியதை வைக்கும். மனசே ஆறவில்லை. இனி என் மாற்றங்களை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

நிறம், எழுத்துரு, தலைப்பு என்று தோற்றத்தை மட்டும் மாற்ற, மூலத் தீமின் மேல் நம் மாற்றங்களை மட்டும் வைக்கும் சைல்ட் தீம் சரி. அது தனிக் கோப்புறை, அப்டேட் அதைத் தொடாது. ஆனால் மூலத் தீமின் டெம்ப்ளேட் கோப்பை (பக்க அமைப்பைத் தரும் கோப்பு) அதில் நகலெடுத்து வைத்தால், பிறகு மூலத்தில் வரும் திருத்தம் அந்த நகலுக்கு வராது. பாதுகாப்புத் திருத்தமும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

படிவம் போன்றவற்றுக்கு என் ஓட்டு, தளத்துக்குக் கூடுதல் வசதி சேர்க்கும் தனி நிரலான பிளகினுக்குத்தான். நாளை வேறு தீமுக்கு மாறினாலும் அது ஓடும். தொடங்க பிஎச்பி (PHP) நிரல்மொழியில் ஒரே ஒரு கோப்பு போதும். அப்புறம், பிளகின் கோப்புறைக்கு வேறு யாரும் வைக்காத பெயராக வையுங்கள். வேர்ட்பிரஸின் பொதுப் பிளகின் களஞ்சியத்தில் அதே பெயரில் ஒன்று இருந்தால், அதன் அப்டேட் உங்கள் கோப்பின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடலாம்.