ஈமேக்2 மூன்றாம் பதிப்பு: இலங்கைக்குத் தெற்கே சமுத்திரத்தரையின் வயது பார்க்க எவ்வளவு உதவும்?

அமெரிக்காவின் சமுத்திர, வளிமண்டல நிறுவனமான நோவா இலவசமாகத் தரும் இந்த உலகக் காந்த முரண் வரைபடம் (2017) முதற்பார்வைக்கு ஏமாற்றமளிக்கும். காந்த முரண் என்பது புவிக்காந்தத்தின் வழக்கமான அளவிலிருந்து ஓரிடத்தில் காணும் விலகல். சமுத்திர முகடுகளில் புதிதாகப் பிறக்கும் தரை அக்காலக் காந்தத் திசையைப் பதிந்துகொண்டு இருபக்கமும் விலகுகிறது; திசை தலைகீழாகும்போதெல்லாம் ஒரு பட்டை உண்டாகும். பட்டைகளை எண்ணித்தான் தரையின் வயதைக் கணிக்கிறோம். இரண்டாம் பதிப்பில் இந்து சமுத்திரமெங்கும் பட்டைகள் நேர்த்தியாக ஓடின. இதிலோ வெற்றிடங்களும் கப்பல் தடங்களுமே துருத்தி நிற்கின்றன. ஆனாலும் சமுத்திரம் திறந்த காலத்தைக் கணிக்க இதுதான் சரி. பழையதில் அளவீடில்லாத இடங்களை, முன்பே தயாரித்த சமுத்திரத்தரை வயது மாதிரியைக் கொண்டு நிரப்பியிருந்தார்கள். அதிலிருந்து வயதைக் கணித்தால், உள்ளே போட்ட விடைதான் வெளியே வரும்.

கடல்மட்டம், 4 கி.மீ. உயரம் என இரண்டு அடுக்குகள் உண்டு. கடல்மட்டத்தையே எடுங்கள்; உயரம் கூடினால் நுண்ணிய பட்டைகள் கரைந்துவிடும். கொழும்பிலிருந்து நம் கடலை ஆராய்பவர்களுக்கு 78°–88° கிழக்கு, 5° வடக்கு முதல் 20° தெற்கு வரையான துண்டு போதும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வெட்டி, நிற எல்லையை ±200 நனோ டெஸ்லாவுக்குள் (காந்தப்புல அலகு) இறுக்கி, வடக்குத் தெற்காகக் குறுக்குவெட்டு எடுங்கள். இங்கே பட்டைகள் கிழக்கு மேற்காக ஓடுவது பெரிய வசதி. காந்த மத்திய கோட்டுக்கு (புவிக்காந்தம் கிடையாக இருக்கும் கோடு) அருகே வடக்குத் தெற்காக ஓடும் பட்டை ஏறக்குறைய எந்தச் சைகையும் தராது. இத்துண்டிலுள்ள முறிவு வலயங்களை (தரை முறிந்து இடம்பெயர்ந்த நீண்ட கோடுகளை) குறுக்கே வெட்டாதீர்கள். பட்டைகள் அங்கே விலகிக் கிடப்பதால் ஒன்றையே இருமுறை எண்ண நேரும்.

பட்டைகளுக்கு வரிசை எண் உண்டு. முதலில் 34ஆம் முரணைப் பிடியுங்கள், வயது சுமார் 8.3 கோடி ஆண்டு. அதற்கும் சுமார் 12 கோடி ஆண்டுக்கும் இடையில் புவிக்காந்தம் திசை மாறவேயில்லை. எண்ணுவதற்குப் பட்டையும் இல்லை. இலங்கை அண்டார்ட்டிக்காவை விட்டுப் பிரிந்த காலத்தை இந்த வரைபடம் மட்டும் சொல்லாது. வங்காள விரிகுடாவின் தடித்த வண்டல் வேறு சைகையை நலிவாக்குகிறது.

ஒரு கட்டம் 2 பாகைக்கலை, அதாவது சுமார் 3.7 கி.மீ. தரை ஒரு பக்கமாக ஆண்டுக்கு 8 செ.மீ. விரிந்த இடத்தில் 10 இலட்சம் ஆண்டு 80 கி.மீ.; 21 கட்டங்கள், தாராளம். ஒரு இலட்சம் ஆண்டே நீடித்த திசைமாற்றம் இரண்டு கட்டங்களுக்குள் அமிழ்ந்துவிடும். தென்மேற்கு இந்து சமுத்திர முகட்டில் வேகம் 0.7 செ.மீ. அளவே என்பதால் அங்கே இதை நம்பக்கூடாது. கப்பல் அளவீட்டின் மூலத்தரவுதான் வேண்டும். 1963இல் இப்பட்டைகளுக்கு விளக்கம் தந்த வைன், மத்தியூஸ் என்ற ஆய்வாளர்கள் நமது சமுத்திரத்தின் கார்ல்ஸ்பேர்க் முகட்டை ஆராய்ந்ததும் அத்தகைய அளவீடுகளை வைத்துத்தான்.

பிழை மதிப்பீடும் தரவு மூலக் குறியீடும் ஒவ்வொரு கட்டத்துக்கும் தரப்பட்டிருப்பது இந்தப் பதிப்பின் மிகப் பெரிய பலம். பட்டைக்குப் பெயரிடுமுன் அவற்றைப் பாருங்கள். காந்த மத்திய கோட்டுக்கு மேலே ஓடும் மின்னோட்டத்தால் பகல்நேர அளவீடு பல பத்து நனோ டெஸ்லா ஏறியிறங்கும். அது திருத்தப்படாத பழைய பயணத் தடத்தைப் பட்டையென்று எண்ணினால் வயது முழுவதுமே பிசகிப்போகும்.