சுடர் தெரியாத ஆக்சிஜன் பர்னர்: உலை முழுக்க ஒரே சூடு வருகிறதா?

பில்லட் (எஃகுக் கட்டை) சூடேற்றும் உலையில் பழைய காற்று பர்னர்களைக் கழற்றிவிட்டு காற்றுக்குப் பதில் ஆக்சிஜனில் எரியும் ஆக்சி-ஃபியூவல் பர்னர், அதிலும் ஃப்ளேம்லெஸ் (சுடர் தெரியாத) வகை, மாட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். சூடு சீராகப் பரவுகிற விஷயத்தில் நல்ல சரக்கு. எரிபொருள் மிச்சமாகும் என்று விற்பவர்கள் சொல்லும் கணக்கில் மட்டும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

ஆக்சிஜன் பர்னர் என்றாலே உலைக்காரர்களுக்கு ஒரு பயம் உண்டு, நியாயமான பயம்தான். மீத்தேன் காற்றில் எரிந்தால் சுடர் சுமார் 1950 டிகிரி செல்சியஸ், சுத்த ஆக்சிஜனில் 2700-ஐத் தாண்டும். சாதாரண ஆக்சிஜன் பர்னரை அப்படியே வைத்தால் சுடர் நக்கும் இடத்தில் பில்லட்டின் மேல்தோல் உருகும், எதிர்ச்சுவர் செங்கல் போகும், மூலையில் கிடப்பது மட்டும் கறுப்பாகவே கிடக்கும். ஃப்ளேம்லெஸ் வகையில் வாயுவும் ஆக்சிஜனும் தனித்தனித் துளைகளில் வேகமாகப் பாய்ந்து, ஒன்றையொன்று சந்திக்கும் முன்பே உலைக்குள் சுற்றும் புகையை இழுத்துக் கலந்துகொள்கின்றன, அதனால் எரிவது ஒரே இடத்தில் குவிவதில்லை. பார்வைத் துளை வழியே எட்டிப் பார்த்தால் சுடரே இல்லை. பின்சுவர் செங்கலின் இணைப்புக் கோடும் பில்லட்டின் விளிம்பும் பளிச்சென்று தெரிகின்றன, பர்னர் அணைந்துவிட்டதோ என்று முதலில் சந்தேகம் வரும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். எரிய உதவாது, கதிர்வீச்சாகச் சூட்டைத் தரவும் செய்யாது, ஓசிப் பயணி மாதிரி சூட்டை ஏற்றிக்கொண்டு புகைபோக்கி வழியாகப் போய்விடும். அது இல்லாவிட்டால் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும், இரண்டுமே நன்றாகக் கதிர்வீசுபவை. புகையின் அளவும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

இதில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது, விற்பவர் யாரும் வாய் திறப்பதில்லை. புகை குறைந்ததும் உலைக்குள் அழுத்தமும் விழுகிறது, பழைய புகைபோக்கியோ அதே இழுப்பில் இழுக்கிறது, கதவு இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. அப்புறம் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும், பில்லட்டில் ஸ்கேல் (மேலே படியும் ஆக்சைடு ஓடு) தடிக்கும், கதவுப் பக்கம் சூடு குறையும். புகைபோக்கியின் இழுப்பைக் கட்டுப்படுத்தும் டேம்பரைத் திரும்ப செட் செய்து கதவு சீலையும் மாற்றாமல் பர்னரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

சர்வீஸ் எனக்குப் பிடிக்கவில்லை. வந்தவர் முழுச் சுமையில் அளவு பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். சுமையைக் குறைத்தால் வாயு பாயும் வேகமும் குறையும், உள்ளே கலப்பது மந்தமாகும், வெப்பநிலை அளக்கும் முன் தெர்மோகப்பிளும் பின் தெர்மோகப்பிளும் ஆளுக்கொரு கணக்குக் காட்டும். இதற்குத் தீர்வு வாயுவைக் குறைப்பதல்ல, முழு வேகத்திலேயே அணைத்து அணைத்து எரிய வைப்பது. அதை நாங்களாகத்தான் செட் செய்துகொண்டோம். குளிர்ந்த உலையில் சுடர் இல்லாத முறை வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்; உள்ளே 800 டிகிரி வாக்கில் வரும்வரை சாதாரணச் சுடர்தான்.

சரி, மிச்சம். உங்கள் உலையில், வெளியேறும் புகையின் சூட்டால் எரிகாற்றைச் சூடாக்கும் ரெகுபரேட்டரே இல்லை என்றால் எரிபொருள் பாதிக்குப் பக்கத்தில் குறைய வாய்ப்பு உண்டு. நல்ல ரெகுபரேட்டர் ஏற்கெனவே ஓடுகிறதென்றால் வித்தியாசம் சுருங்கிவிடும், அதிலிருந்தும் ஆக்சிஜன் தயாரிக்கிற மின்சாரத்தைக் கழிக்க வேண்டும். மிச்சத்துக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

உதிரி பாகம் வாங்கும்போது ஒரு கண் வையுங்கள். ஆக்சிஜன் லைனில் எண்ணெய்ப் பசை பட்டால் தீப்பிடிக்கும், எங்களுக்கு வந்த கேஸ்கெட்டோ உறைகூட இல்லாமல் வெறும் அட்டைப்பெட்டியில் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம்.