அது உள்ளுக்குள்ள வந்த சர்க்குலர் சார்

மூன்று வார லீவில் லண்டனிலிருந்து மாயவரம் போய் வந்தேன். ரயில், கோவில், கல்யாணச் சாப்பாடு எதிலும் குறையில்லை, அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன். மனசில் இன்னும் எரிந்துகொண்டிருப்பது ஒரு வங்கிக் கிளை.

அப்பா தவறி ஒரு வருடம் ஆகிறது. அவர் பேரில் 4 லட்சத்துக்கு ஒரு டெபாசிட், நாமினி அம்மா. ரசீதிலேயே அம்மா பெயர் அச்சாகியிருக்கிறது. இறப்புச் சான்றிதழும் ஆதாரும் கொண்டுபோனால் ஒரு காலையில் முடிகிற காரியம் என்று நினைத்தேன். அம்மா ஏற்கெனவே நான்கு தடவை நடந்திருக்கிறாள் என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. முதலில் வாரிசுச் சான்றிதழ் கேட்டிருக்கிறார்கள். தாலுகா ஆபீஸில் அலைந்து அதை வாங்கிக் கொடுத்ததும் இரண்டு பேர் ஜாமீன் கையெழுத்து. அப்புறம் மஸ்கட்டில் இருக்கும் தங்கையின் சம்மதக் கடிதம், தூதரக முத்திரையோடு. எல்லாமே வாய்வார்த்தை. ஒரு துண்டுச்சீட்டுகூடக் கிடையாது.

"இதெல்லாம் எதில் இருக்கிறது சார்?" என்றேன்.

"ரூல் சார்." கவுன்ட்டரில் இருந்தவர் தலை நிமிரவில்லை.

"அந்த ரூலை நான் பார்க்கலாமா?"

"கஸ்டமருக்குக் காட்டக்கூடாது. அது உள்ளுக்குள்ள வந்த சர்க்குலர்."

எதிர் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ரிசர்வ் வங்கி 2005 ஜூனில் வெளியிட்ட சுற்றறிக்கை அதன் இணையதளத்திலேயே கிடந்தது. நாமினி இருந்தால் வாரிசுச் சான்று, ஜாமீன் என்று கேட்காதே, ஆவணங்கள் வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடு என்றது. நாமினியிடம் கொடுத்தாலே வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. வாரிசுகளுக்குள் பங்கு என்பது எங்கள் வீட்டு விவகாரம். பக்கத்துக்கு 2 ரூபாய் கொடுத்து அச்செடுத்து மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன்.

அவர் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "இது பழசு" என்றார். புதுசைக் காட்டுங்கள் என்றால், அதுவும் உள்ளுக்குள் வந்ததாம்! நடுவில் நான் லண்டன் என்று தெரிந்ததும் மனிதர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். காபி வந்தது, என்ஆர்ஐ டெபாசிட் வட்டி விவரம் வந்தது, இன்ஷூரன்ஸ் பாலிசி ஒன்றும் வந்தது. ரூல் மட்டும் வரவில்லை.

சின்ன வயதில் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இதே கிளைக்கு வருவேன். பித்தளை டோக்கன், நூலில் கட்டிய பேனா, காய்ந்துபோன கோந்து பாட்டில். அப்போதும் மணிக்கணக்கில் காத்திருந்தோம். ஆனால் கேஷியர் அப்பாவிடம், "கையெழுத்து மாறுது, மறுபடி போடுங்க" என்று காரணத்தைச் சொல்லுவார். இப்போது ஏசி இருக்கிறது, காரணம் இல்லை.

லண்டன் ஒன்றும் சொர்க்கம் இல்லை. எங்கள் பேட்டையில் கிளையையே மூடிவிட்டார்கள், போன் போட்டால் அரைமணி நேரம் பாட்டுக் கேட்கலாம். இருந்தாலும் அங்கே ஒருவர் இறந்தால் ஒரே இணையப் படிவத்தில் பல வங்கிகளுக்குச் சேர்த்துத் தகவல் சொல்ல 2018 முதல் ஏற்பாடு உண்டு. என்னென்ன காகிதம் வேண்டும் என்பதையும் வங்கிகள் எழுத்தில் சொல்லிவிடுகின்றன.

கிளை மேனேஜரை மட்டும் திட்டி என்ன செய்ய? வங்கிகளைச் சோதித்த அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டபோது, அது நம்பிக்கையின் பேரில் பெற்ற ரகசியம் என்று ரிசர்வ் வங்கியே மறுத்தது. உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில், நீ கட்டுப்பட்டது பொதுமக்களுக்கு, வங்கிகளுக்கு அல்ல என்று சொல்ல வேண்டியிருந்தது. மேலே அப்படி என்றால் மாயவரத்தில் எப்படி இருக்கும்?

கடைசியில் இரண்டு வரி கேட்டேன்: "தர முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள். ஓம்புட்ஸ்மேனுக்கு அனுப்ப வேண்டும்." ஓம்புட்ஸ்மேன் என்றால் வங்கிகள் மேல் வரும் புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி. 2021 முதல் எல்லாப் புகாரும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது, 30 நாளில் வங்கி பதில் சொல்லாவிட்டால் அங்கே போகலாம். மேனேஜர் எழுதித் தரவில்லை, போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஐந்தாம் நாள் அம்மா கணக்கில் பணம் வட்டியோடு விழுந்திருந்தது. தங்கையின் கடிதமும் இல்லை, ஜாமீனும் இல்லை. அந்த உள் சர்க்குலர் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் அம்மா அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு கிளைக்குக் கிளம்பினாள். "பாவம்டா, அவருக்கு மேலேருந்து என்ன நெருக்கடியோ" என்றாள். நான் உள்ளே போகவில்லை, ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தேன்.