2 டன் மடக்கு என்ஜின் கிரேனும் லெவலரும்: ஒற்றை இருக்கை ரேஸ் காருக்கு எடுபடுமா?

குமரி மாவட்டத்தில் ரேஸ் டிராக் கிடையாது. கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, நாகர்கோவிலிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் இருக்கும் டிராக் அதையும் தாண்டி. கிளட்ச் மாற்ற என்ஜினைக் கழற்றி மாட்டியதில் ஒரு பிசகு இருந்தால், டிரெய்லரில் ஏற்றி அவ்வளவு தூரம் போன பிறகுதான் தெரியும். அதனால் வீட்டு ஷெட்டில் எதை வைத்துத் தூக்குகிறோம் என்பது முக்கியம். மாருதி 800-இன் 796 சிசி என்ஜின் பூட்டிய ஃபார்முலா மாருதிக்கும், 1300 சிசி எஸ்டீம் என்ஜின் உள்ள எல்ஜிபி ஃபார்முலா காருக்கும் மடக்கு கிரேன் பொருந்துமா என்று பார்த்தோம்.

பொருந்தும். ஆனால் கிரேன் மட்டும் போதாது, லெவலரோடு வேண்டும். கொக்கிக்கும் என்ஜினுக்கும் நடுவே மாட்டி, தொங்கும் என்ஜினைச் சரிக்க உதவும் கைப்பிடி வைத்த சட்டம்தான் லெவலர்.

2 டன் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். கிரேனின் கையை முழுக்க உள்ளே தள்ளி வைத்தால்தான் அந்த 2 டன். ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்ஜினை எட்ட, கையைக் கடைசி ஓட்டை வரை நீட்ட வேண்டும். அங்கே தாங்குவது 500 கிலோதான். என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்தே 150 கிலோவைத் தாண்டாது என்பதால் அது தாராளம்.

உண்மையான சிக்கல் கீழே இருக்கிறது. ரேஸ் காரின் தரைத்தகடு ரோட்டிலிருந்து நாலு விரல் உயரம்கூட இருக்காது. கிரேனின் கால் ஒரு சாண் உயரம். அப்படியே தள்ளினால் போகவே போகாது. காரை ஸ்டாண்டில் 25 முதல் 30 செ.மீ. உயர்த்தியே ஆக வேண்டும். ஸ்டாண்டை அலுமினியத் தரைத்தகட்டில் வைக்காமல், சேசியின் பெரிய குழாய்க்கு அடியில் வைக்கவும். என்ஜின் வெளியே வந்ததும் காரின் எடை முன்னால் சாயும், ஆகவே முன்பக்கத்துக்கும் தனி ஸ்டாண்ட் தேவை.

அடுத்தது ரோல் ஹூப்பிலிருந்து (கார் கவிழ்ந்தால் ஓட்டுநரின் தலையைக் காக்கும் வளைவுக் குழாய்) பின்னால் இறங்கும் இரண்டு தாங்கு குழாய்கள். சங்கிலி அதில் உரசினால் பெயின்டோடு நிற்காது, குழாயிலேயே கீறல் விழும். இங்கேதான் லெவலரின் அருமை தெரிகிறது. கைப்பிடியைச் சுற்றச் சுற்ற கொக்கி ஒரு பக்கமாக நகர்ந்து, கியர்பாக்ஸ் பக்கம் பைய இறங்கும். என்ஜின் சரிந்தபடியே இரண்டு குழாய்க்கும் நடுவே வெளியே வந்துவிடும். குளச்சல், முட்டம் பக்கம் விசைப்படகு என்ஜினைத் தூக்கும் செயின் பிளாக் நல்ல பொருள்தான். இந்தச் சரிவை மட்டும் அதனால் தர முடியாது. சங்கிலியை என்ஜினில் உள்ள தூக்கு வளையத்தில் மாட்டவும். வளையம் இல்லையென்றால் சிலிண்டர் ஹெட்டில் உள்ள மரையில் 8.8 கிரேடு போல்ட்டும் தடித்த வாஷரும் போட்டு மாட்டவும். இன்டேக் மேனிஃபோல்ட் ஸ்டட்டில் ஒருபோதும் வேண்டாம்.

தூக்குமுன் செய்ய வேண்டியவை தெரிந்தவைதான்: பேட்டரி நெகட்டிவ், பெட்ரோல் குழாய், கூலன்ட், கியர் ஆயில், டிரைவ் ஷாஃப்ட், எக்ஸாஸ்ட், கிளட்ச் கேபிள், கியர் ராட், வயர்கள். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்ஜினென்றால், பேட்டரியைக் கழற்றுமுன் பெட்ரோல் பம்ப் ரிலேவைப் பிடுங்கி, என்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்றவும். டிரைவ் ஷாஃப்டை இழுக்குமுன் கியர் ஆயிலை வடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஷெட் தரை முழுக்க ஆயில். ஒவ்வொரு வயர் நுனியிலும் மாஸ்கிங் டேப்பில் எண் எழுதி ஒட்டவும்.

மாட்டும்போதுதான் இந்தக் கிரேனின் குறை வெளிப்படுகிறது. எண்ணெய் ஜாக்கி மெல்ல மெல்ல இறங்கும். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இரண்டையும் நேராகப் பொருத்தும் இரண்டு டவல் பின் (dowel pin) ஓட்டையில் நுழையும் நேரத்தில் 2 மி.மீ. இறங்கினாலும் போச்சு. மொத்த எடையும் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்டில் தொங்கி, கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி வளையும். முன்கூட்டியே சோதிக்க ஒரு வழி: எடையைத் தொங்கவிட்டு, ஜாக்கித் தண்டில் இன்சுலேஷன் டேப் ஒட்டிப் பத்து நிமிடம் பாருங்கள். டேப் கீழே போனால், வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து தடவை பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்றவும். அப்புறமும் இறங்கினால் சீல் போய்விட்டது, அந்தக் கிரேனைத் தொட வேண்டாம்.

கடைசி 10 மி.மீ. இடைவெளி கையால் சேராவிட்டால், போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். பெல் ஹவுசிங் (கிளட்சை மூடும் கியர்பாக்ஸ் கூடு) காது உடைந்துவிடும். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லை, அல்லது இன்புட் ஷாஃப்டின் ஸ்ப்ளைன் பல் கிளட்ச் பிளேட்டின் பல்லோடு சேரவில்லை என்று அர்த்தம். கிராங்க் புல்லியை ஸ்பேனரால் கொஞ்சம் திருப்பிக்கொடுத்தாலே பெரும்பாலும் உள்ளே போய்விடும். இரும்பு மரையில் போகும், மரை விட்டம் 10 மி.மீ. உள்ள 8.8 கிரேடு போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினிய மரைக்கு மேனுவலில் உள்ள அளவுதான்.

எல்லாம் மாட்டிய பிறகு அதிகமாக விடுபடுவது என்ஜினுக்கும் சேசிக்கும் நடுவே போகும் எர்த் பட்டை. அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரன்ட் கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவோ திரும்பும். கேபிள் சூடாகிப் புகையும், உறை உருகும், ஸ்டார்ட்டரும் சோம்பலாகச் சுற்றும். பிளக்குகளைக் கழற்றி, ஆயில் லைட் அணையும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றிய பின்னரே பற்றவைக்கவும்.

நம்ம ஊருக்கென்று இரண்டு விஷயம். கிரேனின் குட்டிச் சக்கரங்கள் செம்மண் தரையில் புதையும். சிமென்ட் தளம் இல்லாத ஷெட்டில் 18 மி.மீ. பிளைவுட் விரிக்காமல் எடையோடு நகர்த்த வேண்டாம், நகர்த்தும்போதும் என்ஜின் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் உயரக் கூடாது. இரண்டாவது கடல் காற்று. ஜாக்கித் தண்டை நீட்டியபடி விட்டால் ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்து, அந்தத் துரு சீலைக் கிழிக்கும். வேலை முடிந்ததும் தண்டை முழுக்க உள்ளே இறக்கி, எண்ணெய்த் துணியால் துடைத்து வைக்கவும்.

வருஷத்துக்கு ஒரு தடவை கிளட்ச் மாற்றுகிறவர்கள் வாடகைக்கு எடுத்தால் போதும், லெவலரை மட்டும் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம். வாடகைக் கடையில் வாங்கும்போது கையைப் பூட்டும் பின்னும் அதன் கிளிப்பும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பலமுறை அந்த இடத்தில் ஏதோ ஒரு பழைய போல்ட்டைச் சொருகித் தருகிறார்கள். அதை ஏற்க வேண்டாம்.