இரும்புக்கை மாயாவி: பழைய பிரதி கையில் கிடைத்தால்

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தது 'இரும்புக்கை மாயாவி'. சின்ன வயதில் படித்தவர்களைக் கேட்டால், கண்ணுக்குத் தெரியாமல் வந்து கெட்டவர்களை அடிக்கும் நல்லவன் என்பார்கள். திரும்பப் புரட்டினால் அப்படி இல்லை. ஆய்வக உதவியாளன் கிராண்டேல், உடல் மறையும் சக்தி கிடைத்ததும் முதலில் இறங்குவது திருட்டில். உளவு வேலையெல்லாம் பின்னால் வரும் கதைகளில்தான். ஆங்கில மூலத்தின் தலைப்பு வெறும் 'எஃகு நகம்'. 'மாயாவி' தமிழ் சூட்டிய பட்டம். அவனை நாயகனாகவே நினைவில் பதித்ததில் அதற்கும் பங்கு உண்டு.

மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும், கொஞ்ச நேரத்தில் உருவம் திரும்பிவிடும். இந்த ஒரே விதிதான் கதையின் உயிர். ஒவ்வொரு அறையிலும் பிளக் பாயிண்ட் எங்கே என்று நம் கண்ணும் தேடுகிறது. உடுப்பு எப்படி மறைகிறது என்பதற்கு மட்டும் பதில் இல்லை.

ஓவியம் ஸ்பெயின்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அந்தரத்தில் மிதக்கும் கையை வேடிக்கையாக்காமல் பயமுறுத்த வைக்கிறார். சுவரில் விழும் நிழலும் எதிரே நிற்பவரின் முகமும் அதைச் செய்கின்றன. மூலம் 1962-ல் தொடங்கிய 'வேலியண்ட்' என்ற பிரிட்டிஷ் வார இதழின் தொடர் என்பதால் சில பக்கங்களுக்கு ஒரு முறை ஆபத்து வந்து நிற்கும். ஒரே மூச்சில் படித்தால் அலுக்கும். தினம் பத்துப் பக்கம் போதும்.

பினாங்கு ஜார்ஜ்டவுனின் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் குவியலைத் துழாவும்போது ஒரு பிரதி அகப்பட்டால், அட்டையைப் பார்த்து மயங்காமல் நடுப்பக்கத்தைத் திறங்கள். நடுவில் பின் அடித்த இதழில் ஒரு தாள் கழன்றால் நான்கு பக்கம் போச்சு: முன்பாதியில் இரண்டு, பின்பாதியில் இரண்டு. ஆகவே பக்க எண்களைக் கடைசிவரை எண்ணுங்கள். கறுப்பு மை அப்பி முகங்கள் தெரியாத பிரதி எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். இந்தக் கதையில் பாதி நிழலில்தான் நடக்கிறது.

பினாங்கின் ஈரக்காற்றில் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். பின்னை நிமிர்த்தி மெதுவாக எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூல் கோத்துக் கட்டுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் கூடவே கூடாது. பசை பழுத்து எழுத்தை மறைக்கும். மெத்தென்ற பிவிசி உறை நாளடைவில் மையோடு ஒட்டிக்கொள்ளும், பாலிப்ராப்பிலீன் உறைதான் சரி. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் இறுக மூடிய டப்பாவுக்குள் மட்டுமே பயன்தரும்.

தாளைத் தின்னும் ராமபாணப் பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பையில் போட்டு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் ஈரம் நீராகப் படிந்து பக்கங்கள் நெளியும்.