ஷிமானோ டிஸ்க் பிறேக்குக்குள் மோட்டார் சைக்கிள் ஒயில்: யாழ்ப்பாணத்தில் சேர்விஸுக்குக் கொடுக்கமுன் வாசியுங்கோ

யாழ் நகரப் பக்கம் ஒரு சைக்கிள் கடை. முன் பிறேக் இளகிப்போச்சு, லீவர் ஹாண்டில் வரை உள்ளே வருது என்று ஒப்படைத்த சைக்ளோகுறொஸ் (சேறு, மணல் பாதையில் ஓடுகிற போட்டி வகை) சைக்கிள் ஒன்றுக்கு "பிறேக் சேர்விஸ்" என்று இரண்டு சொல்லில் பில் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று கிழமையில் அந்த முன் பிறேக், லீவரிலிருந்து கலிப்பர் (சில்லருகே பிறேக்கைப் பிடிக்கிற பகுதி) வரைக்கும் குப்பைக்குப் போகிற நிலை. ஷிமானோ கொம்பனியின் ஹைட்ரோலிக் (கேபிளுக்குப் பதிலாக ஒயில் அழுத்தத்தால் பிடிக்கிற) பிறேக்குக்குள் மோட்டார் சைக்கிளுக்கு விடுகிற டொட் 4 ஒயிலை விட்டிருக்கிறார்கள். கேட்கப் போனால் பதில்: "பிறேக் ஒயில் எல்லாம் ஒண்டுதான் தம்பி." கடையின் பேரை விடுவோம். மோட்டார் சைக்கிள் வேலையும் சேர்த்துச் செய்கிற எந்தக் கடையிலும் இது நடக்கலாம்.

இதில் பேய்க்காட்டுவது முதல் நாள்தான். பழைய ஒயிலோடு உள்ளிருந்த காற்றும் வெளியே போய்விட்டால், எந்தத் திரவத்தை நிரப்பினாலும் லீவர் கல்லுப்போல நிற்கும். கடை வாசலில் ஒரு சுற்று ஓடிப் பார்த்து, காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். நாலைந்து நாளில், விட்ட லீவர் பழைய இடத்துக்கு மெதுவாகத்தான் திரும்பத் தொடங்கும். பிறகு பிடியை விட்டாலும் பாட்ஸ் (பிறேக் கட்டைகள்) றோட்டரை (சில்லோடு சுற்றுகிற தட்டை) விடாது. சில்லைத் தூக்கிச் சுற்றினால் ஒரு சுற்றுக்கூடப் போகாமல் நிற்கும். கடைசியில் பிஸ்டன் ஓரத்தால் ஒயில் கசிந்து பாட்ஸில் ஊறும். அப்போது லீவரை எவ்வளவு இறுக்கினாலும் சத்தம் மட்டும்தான் வரும், சைக்கிள் நிற்காது.

ஏன் இப்படி? டொட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கோல் வகைத் திரவங்கள். அவற்றுக்கென்று செய்த பிறேக்கில் ஈ.பி.டி.எம். என்கிற றப்பரில் சீல் போட்டிருப்பார்கள். ஷிமானோவின் சீல் மினரல் ஒயிலுக்கென்று செய்த வேறு றப்பர். டொட் பட்டால் ஊதிப் பெருக்கும். கலிப்பருக்குள் பிஸ்டனைச் சுற்றியிருக்கிற சதுர வெட்டுச் சீலுக்கு இரண்டு வேலை. ஒயிலை மறிப்பது ஒன்று. பிறேக் பிடிக்கும்போது சற்று வளைந்து, விட்டவுடன் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது மற்றது. பிஸ்டனை இழுக்க உள்ளே ஸ்பிறிங் எதுவும் கிடையாது. ஊதின சீலால் அந்த இழுப்பைக் கொடுக்க முடியாது. எதிர்ப்பக்கமும் இதே கதைதான்: டொட் கேட்கிற ஸ்ராம் கொம்பனிப் பிறேக்குக்கு மினரல் ஒயில் விட்டால் அங்கே ஈ.பி.டி.எம். ஊதும்.

என்ன ஒயில் உள்ளே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் கிளாஸில் பச்சைத் தண்ணி எடுங்கோ. லீவரிலுள்ள பிளீட் ஆணியை (காற்றை வெளியே எடுக்கிற துளையின் ஆணி) கழற்றி, ஊசி இல்லாத சிறிஞ்சால் இரண்டு மூன்று சொட்டு உறிஞ்சித் தண்ணிக்குள் விடுங்கோ. மினரல் ஒயில் என்றால் தேங்காயெண்ணெய்போல மேலே வட்டமாக மிதக்கும். டொட் என்றால் தண்ணியோடு கலந்து காணாமல் போகும். இந்தச் சைக்கிளில் ஒரு சொட்டுக்கூட மிதக்கவில்லை. நிறமும் உதவும்: ஷிமானோ ஒயில் இளஞ்சிவப்பு; டொட் நிறமில்லாமல் அல்லது வெளிர் மஞ்சளாக இருக்கும். இன்னொரு சாட்சி பெயின்ற். போர்க்கின் இடது காலில், கலிப்பருக்குக் கீழே, வெந்நீர் பட்ட தோல்போலக் கொப்புளம் போட்டு, நகத்தால் சுரண்டியதும் பெயின்ற் உரிந்து வந்தது. டொட் பட்டுத் துடைக்காமல் விட்ட இடம் அப்படித்தான் ஆகும். மினரல் ஒயில் பெயின்றை ஒன்றும் செய்யாது.

டொட் போன பிறேக்கைக் கழுவி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லுவார்கள், நம்பாதேங்கோ. மினரல் ஒயிலைத் திரும்பத் திரும்ப விட்டு அலசினாலும் ஊதின சீல் பழைய அளவுக்கு வராது. ஷிமானோ கலிப்பருக்குச் சீல் தனியாக விற்பதுமில்லை. லீவர், கலிப்பர், ஹோஸ் மூன்றையும் மாற்றுவதுதான் வழி. றோட்டர் தப்பலாம், பாட்ஸ் தப்பாது. ஒயில் ஊறின பாட்ஸை அடுப்பில் காய்ச்சித் தருகிற வித்தையும் வேண்டாம்.

இத்தனைக்கும் கலிப்பரிலேயே மினரல் ஒயில் என்று பொறித்திருக்கிறது. சரியாகச் செய்தால் முக்கால் மணித்தியால வேலை. முதலில் சில்லையும் பாட்ஸையும் கழற்றி வெளியே வைக்க வேணும் (இந்தக் கடை பாட்ஸை உள்ளே விட்டுத்தான் ஒயில் விட்டிருக்கிறது). பிஸ்டன்களைப் பின்னுக்குத் தள்ளி, நடுவில் பிளீட் புளொக் என்கிற பிளாஸ்ரிக் கட்டையை வைக்க வேணும். லீவரைக் கிடையாகத் திருப்பி, மேலே புனல். கீழே கலிப்பர் நிப்பிளில் சிறிஞ்ச். ஒயிலைக் கீழிருந்து மேலே தள்ளவேணும், காற்று போகிற திசை அதுதான். குமிழி நிற்கும்வரை ஹோஸைத் தட்டி, லீவரை மெல்லமாக அமத்தி விடவேணும். இரண்டு பிறேக்குக்கும் 100 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று தாராளம். அதை வெளிநாட்டிலிருந்து வருகிற ஆளிடமோ கொழும்பிலோ எடுப்பித்து, கடைக்குப் போகும்போது நீங்களே கொண்டுபோங்கோ. தையல் மெசின் எண்ணெய், பேபி ஒயில் என்று மாற்று வழி சொல்லுகிறவர்களுக்கு ஒரு கும்பிடு.

வேலை முடிந்தபின் கலிப்பரின் இரண்டு ஆணியையும் இளக்கி, லீவரைப் பிடித்தபடி 6 முதல் 8 நியூட்டன் மீற்றரில் இறுக்கினால் றோட்டர் நடுவுக்கு வரும். புதுப் பாட்ஸ் என்றால் மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு இருபது தடவையாவது பிடித்துப் பிடித்துப் பழக்குங்கோ, சில்லு பூட்டுப்படாமல். வல்லை வெளி வீதி இதற்கு நல்லது.

அடுத்தது, மினுக்கித் தருகிற பழக்கம். ஊர்ச் சைக்கிளை மண்ணெண்ணெயால் கழுவி, கடைசியில் ஒயில் ஸ்பிறே அடித்துக் கையில் தருவதைக் கடைக்காரர் மரியாதையாக நினைக்கிறார்கள். றிம் பிறேக் காலத்தில் அதனால் பெரிய கெடுதி இல்லை. டிஸ்க் றோட்டரில் அந்த ஸ்பிறேயின் ஒரு தூறல் பட்டாலே பாட்ஸ் பழுது. கொடுக்கும்போதே "றோட்டரில ஒண்டும் அடிக்காதேங்கோ அண்ணை" என்று சொல்லி வையுங்கோ. றோட்டரைத் துடைக்க ஐசோபுறொப்பைல் அல்ககோலும் சுத்தமான துணியும் போதும். பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வாங்கினால் லேபிளைப் பாருங்கோ, சிலதில் எண்ணெய் சேர்த்திருக்கும்.

உள்ளதைச் சொன்னால், தட்டை நிலமான யாழ்ப்பாணத்தில் ஓடுகிறவருக்கு ஹைட்ரோலிக் தேவையே இல்லை. மழைக்கால மணலுக்கும் பண்ணைப் பாலத்து உப்புக் காத்துக்கும் கேபிள் டிஸ்க் தாராளமாகக் காணும். கேபிளை எந்தக் கடையிலும் மாற்றலாம். ஆனால் அதிலும் ஒரு சுத்துமாத்து உண்டு. வளைந்த ஹாண்டிலிலுள்ள லீவர், மவுண்டன் சைக்கிள் லீவரைவிடக் குறைவாகத்தான் கேபிளை இழுக்கும். அவிட் பிபி7 போன்ற கலிப்பர் றோட், மவுண்டன் என்று இரண்டு வகையாக வருவது அதனால்தான். மவுண்டன் கலிப்பரை "இதுவும் அதுதான்" என்று பூட்டிவிட்டால், லீவர் ஹாண்டிலில் முட்டினாலும் பிறேக் பாதிதான் பிடிக்கும்.

செக்கன்ட் ஹாண்ட் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. சர்வதேச சைக்கிள் சங்கமான யூ.சி.ஐ. சைக்ளோகுறொஸ் போட்டிக்கு டிஸ்க் பிறேக்கை அனுமதித்தது 2010இல். அதற்குப் பிந்திய முதல் சில வருடத்துச் சைக்கிள்கள்தான் மலிவாகக் கைமாறும். அதில் ஸ்ராம் ரெட் 22 அல்லது எஸ்-700 ஹைட்ரோலிக் இருந்தால் நின்று யோசியுங்கோ. 2013 மார்கழியில் ஸ்ராம் அவற்றைத் திரும்பப் பெற்றது. உறைகுளிரில் நடந்த போட்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் சீல் கைவிட்டது. இங்கே உறைகுளிர் வரப்போவதில்லைத்தான். என்றாலும் கொம்பனியே திரும்ப எடுத்த பிறேக்கை நாங்கள் ஏன் காசு கொடுத்து வாங்க வேணும்?

ரயர் விசயம் சின்னது, ஆனால் விழுத்தும். சைக்ளோகுறொஸ் றிமில் ரயர் இருக்கிற இடத்தின் விட்டம் 622 மில்லிமீற்றர். ஊர்ச் சைக்கிளின் 28 x 1½ ரயர் 635. இரண்டையும் "இருபத்தெட்டு" என்றுதான் கடையில் சொல்லுவார்கள். 13 மில்லிமீற்றர் பெரிதான ரயர் கையாலேயே ஏறும். காத்தடித்து வளைவில் சாய்த்தால் கழன்று வரும். ரயர் பக்கவாட்டில் 33-622, 35-622 என்று கடைசி மூன்று இலக்கம் 622 ஆக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கோ.

பில்லுக்கு வருவோம். "பிறேக் சேர்விஸ்" என்று மட்டும் எழுதின துண்டை வைத்து ஒன்றையும் நிறுவ முடியாது. என்ன ஒயில், எந்தப் பாகம் மாற்றினது என்று எழுதுவித்து, திகதியும் கடை முத்திரையும் போடுவியுங்கோ. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிடலாம். தண்ணிக் கிளாஸ் சோதனையை வீடியோவாக எடுத்து, பெயின்ற் உரிந்த இடத்தையும் படம் பிடித்த பிறகு பிறேக்கைக் கழற்றுங்கோ. கழற்றின லீவரையும் கலிப்பரையும் எறிய வேண்டாம், உள்ளே மிச்சமிருக்கிற ஒயிலோடு பையில் கட்டி வையுங்கோ.